உனக்கென்ன?

(படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



‘வீரம்’ என்ற பொருள்பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். வீரம் என்றதும் களம் நினைவிற்கு வரும், களிறு நினைவிற்கு வரும், வேலேந்திய கரமும் விழுப்புண் தாங்கிய மார்பும் நினைவிற்கு வரும். அந்த வீரத்தைப் பாடிடப் புலவர் பலர் உண்டு. அதனைப் பாட நான் வரவில்லை.

மாற்றானை எதிர்த்து நிற்பது வீரம்தான். மறுப்பாரில்லை. ஆனால், மாற்றானை எதிர்த்து நிற்கும்போது நமக்குப் பின்னாலே நம்மவர் நிற்கிறார்கள். தோளைத் தட்டிக் கொடுக்கிறார்கள். வீழ்ந்தால் தூக்கிச் செல்கிறார்கள். மாண்டால் மாலை சூட்டுகிறார்கள். நம்மவரே ஒருமுகமாகத் திரண்டு தவறான வழியிலே நடக்கத் தொடங்கும்போது, “தோழர்களே! சற்றுப் பொறுங்கள்” என்று கூறுகிறானே ஒருவன், அவனுக்குப் பின்னாலே நிற்பவர் யார்? ஒருவருமில்லை! தோளைத் தட்டிய கையே தோளைப் பிடித்துத் தள்ளுகிறது. மாலை சூட்ட வேண்டியவர்களே மண்ணை வாரித் தூற்றுகிறார்கள். நேற்றுவரை ‘அண்ணா’ என்றழைத்தவன், இன்று ‘அவன்’ என்கிறான். அந்த நிலையிலும் நிலைகுலையாது நிற்பதற்கு ஒரு வீரம் வேண்டும். அதைப்பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன்.

பேசிடும் தகுதி எனக்கு உண்டா? இல்லை என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான் என்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். பட்டம் பெறாமல் வெளியேறினேன். ஆனால் ஒரு பாடம் பெற்றேன். எந்த ஏட்டிலும் இல்லாத பாடம் அது.

மாணவர் விடுதியிலே ஒரு விழா நடத்தத் திட்டமிட்டோம். பணம் திரட்டினோம். அது ஒரு தகரப் பெட்டியிலே இருந்தது. ஒருநாள் காலை பெட்டியைக் காணவில்லை. சமையற்கூடத்திலே பாத்திரம் துலக்கும் பெரியவர் ஒருவர், முந்தைய நாள் மாலை அந்த அறைப் பக்கம் சென்றாராம். காலையிலே ‘சென்றாராம்’, நண்பகலிலே ‘சென்றார்’, மாலையிலே ‘எடுத்தார்’! ஒரு பகற்பொழுதிலே ஒரு சொல் எத்தனை தொலைவு நடந்துவிடுகிறது, பாருங்கள்!

இரவு உணவுக் கூடத்திலே அனைவரும் கூடினோம். பெஞ்சின்மீது ஏறி நின்று நான் பேசினேன். தோழர்களே! அதுதான் என் முதற் சொற்பொழிவு. சொல் அடுக்கினேன், சுவையூட்டினேன், சுடச்சுடப் பேசினேன். கைதட்டல் கூடத்தைப் பிளந்தது. அதிகம் பேசாத மாணவன் ஒருவன் மெல்ல எழுந்து, “எடுத்ததைப் பார்த்தவர் யார்?” என்று கேட்டான். நான் ஒரு கேலி மொழி கூறினேன். கூடம் சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். பெரியவர் கைகூப்பியபடி, “நான் எடுக்கலை தம்பி, நான் எடுக்கலை” என்றார். அந்தச் சொல் எவர் காதிலும் விழவில்லை. அன்றிரவே ஒரு துணி மூட்டையுடன் ஊரைவிட்டுச் சென்றுவிட்டார்.

பத்து நாட்களுக்குப் பிறகு பெட்டி கிடைத்தது. பத்திரமாக இருக்கட்டுமென்று விழாக்குழுவைச் சேர்ந்த ஒருவரே அதை வேறோர் அலமாரியிலே வைத்துப் பூட்டிவிட்டு, அவசரமாக ஊர் சென்றிருக்கிறார். பணத்திலே ஒரு காசு குறையவில்லை. குறைந்தது அந்தப் பெரியவரின் மானம்! அதைத் திருப்பிக் கொடுக்க அவரைத் தேடிச் சென்றோமா? இல்லை. நான் சென்றேனா? இல்லை.

நான் பொய் பேசினேனா? அதுவுமில்லை. நம்பியதைத்தான் பேசினேன். எல்லோரும் நம்பியதால் நான் நம்பினேன். நான் பேசியதால் எல்லோரும் மேலும் நம்பினர். கிணற்றிலே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே மூழ்கினோம். பெட்டி கிடைத்த அன்று மாலை, நண்பர்கள் ஒவ்வொருவராக என் அறைக்கு வந்து, “எனக்கு அன்றைக்கே ஐயந்தான்” என்றனர். ஒருவரல்ல, ஐவர்! ஐந்து ஐயங்கள் அந்தக் கூடத்திலே இருந்தன, ஒன்றையொன்று அறியாமலே இருந்தன. ஒரே ஒருவன்தான் எழுந்து கேட்டான். அவனைச் சிரிப்பாலே அடித்து உட்கார வைத்தவன், இதோ உங்கள்முன் நின்று வீரத்தைப்பற்றிப் பேசுகிறேன்!

அன்றிலிருந்து, கூட்டம் கைதட்டும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணி மூட்டை நினைவிற்கு வருகிறது.

அந்த மாணவன் கேட்ட அதே கேள்வியை ஒரு படையே, ஒரு நாடே அடக்கப் பார்த்த வரலாறு ஒன்று உண்டு. பிரெஞ்சு நாட்டிலே நடந்தது. டிரைபஸ் வழக்கு என்பர். எமிலி ஜோலா என்ற எழுத்தாளரின் பெயருடன் சேர்த்து உங்களிற் பலர் அதை அறிவீர்கள். ஜோலாவை அறிந்த அளவிற்கு, ஜோலாவுக்கு முன்பே உண்மையைக் கண்டெடுத்த ஒருவரை நாம் அறிந்ததில்லை. அவர் எழுத்தாளரல்லர், எதிர்க்கட்சிக்காரரல்லர். படைக்குள்ளேயே இருந்த படை அதிகாரி. பிக்கார் என்பது அவர் பெயர்.

கதையை முறையாகக் கூறுகிறேன். 1870ஆம் ஆண்டிலே தொடங்கிய போரிலே பிரான்சு ஜெர்மனியிடம் தோற்றது. அல்சேஸ் நிலப்பகுதியையும் லொரேன் நிலத்தின் ஒரு பகுதியையும் பறிகொடுத்தது. தோற்ற நாட்டிற்கு ஒரு நம்பிக்கை வேண்டுமல்லவா? படைதான் அந்த நம்பிக்கை! இழந்ததை மீட்டிடும் கரம் அது. ஆகவே, படையைக் குறை கூறுபவன் நாட்டையே குறை கூறுபவன் என்ற எண்ணம் ஊறியிருந்தது.

1894ஆம் ஆண்டு, பாரிசிலிருந்த ஜெர்மன் தூதரகத்தின் குப்பைக்கூடையிலிருந்து கிழிந்த கடிதம் ஒன்று பிரெஞ்சு உளவுத்துறையின் கைக்கு வந்தது. படை இரகசியங்களை விற்கிறேன் என்று எவனோ எழுதிய கடிதம். கையொப்பமில்லை. எழுதியவன் யார்? தேடினர். படைத் தலைமையகத்திலே ஒரு கேப்டன் இருந்தார். ஆல்பிரட் டிரைபஸ். அவர் யூதர். அந்த அலுவலகத்திலே அவர் ‘நம்மவர்’ அல்லர்! கையெழுத்து ஒத்திருக்கிறது என்றார் ஒரு நிபுணர், ஒத்திருக்கவில்லை என்றார் இன்னொருவர். ஒத்திருக்கிறது என்ற சொல்தான் விரும்பிய சொல். அதை ஏற்றனர். அந்த ஆண்டு டிசம்பரிலே படை நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் ‘குற்றவாளி’ என்றனர். தீர்ப்புக்கு முன்பு, குற்றம் சாட்டப்பட்டவரோ அவருடைய வழக்கறிஞரோ அறியாதபடி, நீதிபதிகளிடம் மட்டும் ஓர் இரகசியக் கட்டு தரப்பட்டது!

1895 ஜனவரி 5ஆம் நாள் படைக் கல்லூரியின் முற்றத்திலே டிரைபஸை நிறுத்தினர். உடையிலிருந்த பட்டைகளையும் பொத்தான்களையும் பிய்த்தெறிந்தனர். வாளை முறித்தனர். “நான் குற்றமற்றவன்” என்று அவர் கூவினார். வெளியே திரண்டிருந்த கூட்டம் ‘கொல்லு! கொல்லு!’ என்று கூச்சலிட்டது. பிறகு, தென் அமெரிக்கக் கரையோரத்திலே பேய்த் தீவு என்று பெயர்பெற்ற சிறு தீவிலே, தனிமைச் சிறையிலே அவரைப் பூட்டினர்.

அதே 1895ஆம் ஆண்டின் இடையிலே, உளவுத்துறையின் தலைமைப் பொறுப்பு பிக்காருக்கு வந்தது. திறமைசாலி, படையிலே ஒளிமிக்க எதிர்காலம் உள்ளவர் என்று எல்லோராலும் பேசப்பட்டவர். டிரைபஸின் நண்பரா? அல்லர். யூதர்களிடம் பரிவுடையவரா? அதுவுமில்லை, அக்காலப் படை அதிகாரிகளிடம் மண்டிக்கிடந்த வெறுப்பு அவரிடமும் இருந்தது. டிரைபஸ் குற்றவாளி என்பதிலே அவருக்கு ஐயமே இல்லை. கூட்டத்தில் ஒருவராகவே அவரும் இருந்தார்!

1896 மார்ச்சிலே, அதே தூதரகத்துக் குப்பையிலிருந்து இன்னொரு கிழிசல் வந்தது. ஒட்டிப் பார்த்தார்கள். பிரெஞ்சுப் படையைச் சேர்ந்த எஸ்டர்ஹாசி என்ற மேஜருக்கு எழுதப்பட்ட கடித அட்டை அது. கடனிலே மூழ்கியவன், சூதாடி. அவன் எழுதிய கடிதங்கள் ஆகஸ்டு மாதத்திலே பிக்காரின் மேசைக்கு வந்தன. அவற்றைப் பார்த்தார். டிரைபஸ் எழுதியதாகக் கூறப்பட்ட பழைய கடிதத்தை எடுத்து அருகிலே வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே கையெழுத்து! இரகசியக் கட்டை வரவழைத்துப் பிரித்தார். டிரைபஸுக்கு எதிராக அதிலே சான்று என்று சொல்லத்தக்கது ஒன்றுமே இல்லை.

தோழர்களே! அந்த மேசையருகே, அந்த இடத்திலே, உங்களை நிறுத்திப் பாருங்கள். எதிரே இரண்டு காகிதங்கள். ஒருபுறம் உண்மை. மறுபுறம் தாம் நேசிக்கும் படை, தம்மை வளர்த்த தலைவர்கள், தம் எதிர்காலம். தீவிலே கிடப்பவன் உறவா? நட்பா? எதுவுமில்லை. காகிதங்களைக் கட்டி உள்ளே வைத்துவிட்டால், கேட்பார் எவருமில்லை.

பிக்கார் கட்டி வைக்கவில்லை. பத்திரிகையிடம் ஓடவுமில்லை. மேலதிகாரிகளிடம் சென்று, முறைப்படி, காகிதத்தைக் காட்டி, “தவறு நடந்துவிட்டது. நாமே திருத்திவிடுவோம்” என்றார். செப்டம்பர் மாதத்திலே ஜெனரல் கோன்சுடன் அவர் நடத்திய உரையாடலை, பின்னாளிலே நீதிமன்றத்திலே எடுத்துரைத்தார். அவர் கூற்றுப்படி, ஜெனரல் கேட்டது இதுதான்: அந்த யூதன் தீவிலே கிடந்தால் உமக்கென்ன? நீர் சொல்லாதிருந்தால் எவருக்கும் தெரியப் போவதில்லை. இதைக் கேட்ட பிக்கார், இந்த இரகசியத்தைச் சுமந்துகொண்டு கல்லறைக்குச் செல்லமாட்டேன் என்று கூறிவிட்டு வெளியேறினார்.

உனக்கென்ன? கேட்பதற்கு எவ்வளவு எளிய கேள்வி! அன்பான கேள்விகூட! ‘உன் நன்மைக்காகச் சொல்கிறேன்’ என்ற தொனியிலே வரும். அநீதி ஒவ்வொன்றும் இந்தக் கேள்வியைத்தான் வாயிற்காவலனாக நிறுத்தி வைத்திருக்கிறது. கூட்டம் நம்மை வாளைக்காட்டி அழைப்பதில்லை. ‘உனக்கென்ன?’ என்று கேட்டு நம்மை வீட்டிலே உட்கார வைத்துவிட்டு, அது தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

பிக்காருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? பாரிசிலிருந்து அப்புறப்படுத்தினர், ஊர்ஊராக அலைக்கழித்தனர், கடைசியிலே கடல்கடந்து டுனீசியாவிற்கு அனுப்பினர். அவரிடம் துணைவராக இருந்த ஆன்ரி என்பவர், டிரைபஸுக்கு எதிராக ஒரு பொய்க் கடிதத்தையே தயாரித்தார்! ‘நம்’ படையைக் காப்பாற்றப் பொய் ஒன்று. அந்தப் பொய்யைக் காப்பாற்ற மேலும் பல.

பிக்கார் உடனே சிங்கமெனப் பொங்கினார் என்று நான் கூறமாட்டேன். பொங்கவில்லை. தயங்கினார். மாதக்கணக்கிலே வாய் மூடியிருந்தார். 1897ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேதான், தமக்கு ஆபத்து சூழ்ந்திருப்பதையறிந்து, வழக்கறிஞராயிருந்த நண்பர் ஒருவரிடம் உண்மையைக் கூறினார். அதையும் இரகசியமாக வைத்திருக்கும்படி வேண்டினார். அவரும் மனிதர்தாமே! அஞ்சாதவன் மட்டுமே வீரனென்றால் உலகிலே வீரனே இருக்க முடியாது. அச்சம் கையைப் பிடித்திழுத்தது. ஆனால் உண்மையை எரித்துவிடும்படி அவரைச் செய்ய அச்சத்தால் முடியவில்லை. அதுவே அவருடைய பெருமை.

உண்மை மெல்லக் கசிந்தது. எஸ்டர்ஹாசிமீது வழக்கு வந்தது. 1898 ஜனவரி 11ஆம் நாள், ஒருமனதாக அவனை விடுதலை செய்தனர்! கூட்டம் அவனை வாழ்த்தி முழங்கியது. துரோகிக்கு வாழ்த்து! இரண்டு நாள் கழித்து, ஜனவரி 13ஆம் நாள், ஜோலாவின் ‘குற்றம் சாட்டுகிறேன்’ என்ற கடிதம் கிளெமென்சோவின் ஏட்டிலே வெளிவந்து பாரிசையே உலுக்கியது. அதே நாளிலே பிக்காரைக் கைது செய்து கோட்டைக்குள்ளே அடைத்தனர். பிறகு படையிலிருந்தே நீக்கினர். ஜோலாவுக்கு ஓராண்டுச் சிறையும் 3,000 பிராங்கு அபராதமும் விதிக்கப்பட்டன. நீதிமன்ற வாயிலிலே அவர் உயிருக்கு உலை வைக்கக் கூட்டம் காத்துக் கிடந்தது. அவர் இங்கிலாந்து செல்ல நேரிட்டது.

பணக்காரர்களும் படைத்தலைவர்களும் மட்டும்தான் இப்படி நடந்துகொண்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஏழைக்காகப் போராடிய சோஷலிஸ்டு இயக்கத்திலேயும் பலர், ‘இது முதலாளிகளின் வீட்டுச் சண்டை, நமக்கென்ன?’ என்று ஒதுங்கினர். அதே கேள்வி, வேறு வாய்! பேரறிஞர் ஜோரஸ் அதை ஏற்கவில்லை. 1898ஆம் ஆண்டுத் தேர்தலிலே தோற்று, பதவி இழந்து நின்ற நேரம் அது. சான்று சான்றாக எடுத்து அடுக்கித் தம் தோழர்களுக்கு ஏட்டிலே எழுதினார். துன்பத்தின் அடியாழத்திலே தள்ளப்பட்ட பின்பு அவன் அதிகாரியல்லன், செல்வனல்லன், மனிதன் மட்டுமே என்பது அவர் வாதம். மாற்றாருக்கு எதிராக எழுத எத்தனையோ பேனாக்கள் உண்டு. தம் தோழரைத் திருத்த எழுதியது அவர் பேனா.

இனி, கூட்டத்தின் உச்சத்தைப் பாருங்கள். 1898 ஜூலை 7ஆம் நாள், போர் அமைச்சர் மக்கள் மன்றத்திலே எழுந்து, ஆன்ரியின் பொய்க் கடிதத்தை மெய்யென்று நம்பிப் படித்தார். மன்றம் ஆர்ப்பரித்தது. அந்தப் பேச்சை ஊர்தோறும் சுவரிலே ஒட்டவேண்டுமென்று தீர்மானித்தனர். எதிர்த்து விழுந்த வாக்கு ஒன்றுகூட இல்லை! கற்றவர், சட்டமியற்றுவோர், நாட்டுப்பற்றாளர், அத்தனை பேரும் ஒரு பொய்யைச் சுவரிலே ஒட்டினர்! சிறையிலிருந்து வெளிவந்திருந்த பிக்கார் தலைமையமைச்சருக்கு எழுதினார்: அந்தக் கடிதம் பொய் என்பதை மெய்ப்பிக்க நான் ஆயத்தம். விடை? ஒரு வாரத்திற்குள் மீண்டும் சிறை! ஏறத்தாழ ஓராண்டு உள்ளேயே கிடந்தார்.

அடுத்த மாதம், டிரைபஸ் குற்றவாளி என்றே நம்பியிருந்த ஓர் அதிகாரி, இரவிலே விளக்கொளியிலே அந்தக் கடிதத்தை ஆராய்ந்தார். இரண்டு தாள்களை ஒட்டியிருந்தார்கள். தாளிலே இருந்த கோடுகளின் நிறம் வேறு வேறு! ஆகஸ்டு 30ஆம் நாள் ஆன்ரி குற்றத்தை ஒப்புக்கொண்டார். மறுநாள் சிறைக்குள்ளே, சவரக்கத்தியால் கழுத்து அறுபட்டுக் கிடந்தார்.

கூட்டம் அப்போதாவது வெட்கித் தலைகுனிந்ததா? அதுதான் இல்லை. பொய்க் கடிதம் புனைந்தவருக்காக ஒரு பத்திரிகை நிதி திரட்டியது. ஏறத்தாழ 25,000 பேர் கொடுத்தனர். 1,31,000 பிராங்கு சேர்ந்தது! பொய் என்று தெரிந்த பிறகும் பொய்க்குக் காணிக்கை! ஏன்? அவர்கள் உண்மையைத் தேடிச் சேர்ந்த கூட்டமல்ல. சேர்ந்திருப்பதற்காகவே எதையோ நம்பிய கூட்டம். ‘தவறு செய்துவிட்டோம்’ என்று ஒப்புக்கொண்டால், கலைந்துவிடுமே என்ற அச்சம்.

1899ஆம் ஆண்டு மறுவிசாரணை நடந்தது. அப்போதும் படை நீதிமன்றம் ஐவருக்கு இருவர் என்ற கணக்கிலே ‘குற்றவாளி’ என்றது. 1894ஆம் ஆண்டிலே எழுவரும் ஒரே குரல், இப்போது இருவர் வேறு குரல். பிறகு மன்னிப்பு அளித்தனர். செய்யாத குற்றத்திற்கு மன்னிப்பு! 1906 ஜூலை 12ஆம் நாள்தான், நாட்டின் உயர்நீதி மன்றம் தண்டனையை முற்றாக அழித்து, டிரைபஸ் குற்றமற்றவர் என்று அறிவித்தது. பிக்கார் ஜெனரலாகப் படைக்குத் திரும்பினார். அதே ஆண்டு அக்டோபரிலே, எந்தப் படை அவரைச் சிறையிட்டதோ, அந்தப் படைக்கே அமைச்சரானார்!

‘கதை இனிதே முடிந்தது’ என்று திரையை இறக்கிவிட நாடகக்காரனான எனக்கு ஆசைதான். ஆனால் வரலாறு நாடகமல்ல. சிறையிலே கழிந்த ஆண்டுகளைக் கணக்கிட்டு, தமக்குரிய பதவியுயர்வைத் தருமாறு டிரைபஸ் வேண்டினார். அமைச்சர் பிக்கார் இணங்கவில்லை. 1907ஆம் ஆண்டிலே டிரைபஸ் படையைவிட்டு விலகினார். இருவரும் ஒருநாளும் நெருங்கிய நண்பர்களாகவில்லை. இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பீர்கள். எனக்கோ, பிக்கார் செய்த காரியத்தின் எடை இதனால்தான் புரிகிறது. நேசிப்பவனுக்காக நியாயம் கேட்பது எளிது. தாம் நேசிக்காத ஒருவனுக்காகத் தம் வாழ்வையே பணயம் வைத்தார் அவர். ‘உனக்கென்ன?’ என்ற கேள்விக்கு, ‘அவன் எனக்கு வேண்டியவன்’ என்பதல்ல அவருடைய விடை. ‘உண்மை எனக்கு வேண்டும்’ என்பதே விடை.

இதைக் கேட்டபின் ஒரு தோழர் எழுந்து, “அண்ணா! ஆளுக்கொரு கேள்வி கேட்கத் தொடங்கினால் இயக்கத்தின் கட்டுப்பாடு என்னாவது?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கட்டுப்பாடு இல்லாத இயக்கம் கரையில்லாத ஆறு. ஊருக்கும் பயனில்லை, தனக்கும் வழியில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சுப் படையின் மானத்தைக் கெடுத்தவர் யார்? ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று உள்ளேயே எடுத்துக் கூறிய பிக்காரா? படையைக் காப்பதாக எண்ணிப் பொய் புனைந்த ஆன்ரியா? பிக்காரின் சொல்லை 1896ஆம் ஆண்டிலேயே கேட்டிருந்தால், ஒரு நாளிலே முடிந்திருக்கும் திருத்தம். கேளாததால் பத்தாண்டுக் காலம் ஒரு நாடே இரண்டாகப் பிளந்து கிடந்தது!

கட்டுப்பாடு என்பது, சிந்தித்த பிறகு சேர்ந்து நடப்பது. கும்பல் என்பது, சிந்திக்காமலிருப்பதற்காகச் சேர்ந்து நடப்பது. இரண்டும் தொலைவிலே பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் கொடி உண்டு, கோஷம் உண்டு, ஒரே திசையிலே நடக்கும் கால்கள் உண்டு. உள்ளே சென்று, ‘இதற்குச் சான்று என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். கட்டுப்பாடுள்ள இயக்கம் விடை கூறும். கும்பல், கேட்டவன் யாரென்று தேடும்!

ஆனால் ஒன்று. தனித்து நிற்கிறான் என்பதாலேயே ஒருவன் உண்மையாளனாகிவிடமாட்டான். பிடிவாதத்தாலே தனித்து நிற்பவன் உண்டு, பெயருக்காகத் தனித்து நிற்பவனும் உண்டு. பிக்காரின் கையிலே இரண்டு காகிதங்கள் இருந்தன என்பதை மறவாதீர்கள். அவர் தம் வெறுப்பையும் தள்ளி வைத்தார், விருப்பையும் தள்ளி வைத்தார், காகிதத்தைப் பார்த்தார். எதிர்த்துப் பேசுகிறவனிடம் கூட்டத்தைவிட அதிகமான சான்று இருக்கவேண்டும். கூட்டத்தைவிட அதிகமான பொறுமையும் இருக்கவேண்டும்.

‘எத்தனை சான்றிருந்தாலும் ஒருவன் குரல் எடுபடுமா?’ என்று ஐயுறலாம். 1950களின் தொடக்கத்திலே, அமெரிக்காவிலே சாலமன் ஆஷ் என்ற உளவியலறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். ஓர் அறையிலே சில இளைஞர்கள். ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்று கோடுகளிலே அதற்குச் சமமான நீளமுள்ளது எது என்று கேட்டார். குழந்தையும் கூறிவிடும். ஆனால் அறையிலிருந்தவர்களில் ஒருவனைத் தவிர மற்றவரெல்லாம், வேண்டுமென்றே தவறாகச் சொல்லும்படி முன்கூட்டியே பழக்கப்பட்டவர்கள். அவர்கள் கூசாமல் ஒரே தவறான விடையைக் கூறினார்கள். அந்த ஒருவன் என்ன செய்தான்? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகளிலே, கண்ணெதிரே கண்டதை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னான்! நால்வரில் மூவர் ஒருமுறையேனும் அப்படிச் சறுக்கினர். மிரட்டல் இல்லை, தண்டனை இல்லை. தனியாக நிற்கும் கூச்சம் ஒன்றே போதுமானதாயிற்று.

பிறகு ஆஷ் ஒரு மாற்றம் செய்தார். அறையிலே இன்னொருவனைச் சரியான விடை கூறச் செய்தார். ஒரே ஒருவனை! அவ்வளவுதான், சறுக்கியவர்களின் கணக்கு பெரிதும் குறைந்துவிட்டது! கூட்டம் அதே கூட்டம், கோடு அதே கோடு. பக்கத்திலே ஒரு குரல் கேட்டது, கண் தன் ஒளியை மீண்டும் பெற்றது.

என் விடுதிக் கூடத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே ஐவர் ஐயத்தோடு இருந்தனர். அந்த மாணவன் எழுந்து கேட்டபோது, “ஆமாம், அவன் கேட்பது சரிதானே?” என்று இன்னொருவன் சொல்லியிருந்தால் போதும். மூன்றாமவன் எழுந்திருப்பான். என் நாக்கு அடங்கியிருக்கும். அந்தப் பெரியவர் அன்றிரவு தம் பாயிலே படுத்து உறங்கியிருப்பார்.

ஆகவே, தோழர்களே! முதற்குரலாக எழும்பிட எல்லோராலும் இயலாது, அறிவேன். இரண்டாவது குரலாக இருந்திட நம் ஒவ்வொருவராலும் முடியும். நம் கூட்டத்திலே ஒருவன் எழுந்து, நமக்குப் பிடிக்காத கேள்வியைக் கேட்கும்போது சிரிக்காமலிருப்போம். ‘அவன் முழுதும் கேட்கட்டும்’ என்று சொல்வோம். கைப்பேசியிலே வந்து விழும் ஒரு வரி, எவரோ ஒருவரைக் கள்வனென்றும் கயவனென்றும் கூறினால், அடுத்தவருக்கு அனுப்பிடும் முன்பு, அந்த மாணவனின் மூன்று சொற்களை நினைவுகூர்வோம்: எடுத்ததைப் பார்த்தவர் யார்? வரி நம் எதிரியைப்பற்றியதாக இருந்தால் இருமுறை கேட்போம். ஏனெனில் நாம் நம்ப விரும்புகிற பொய்தான் நம்மை எளிதிலே வென்றுவிடுகிறது.

நாடகம் எழுதும்போது, பெயருள்ள பாத்திரங்களுக்குப் பிறகு, ‘கூட்டத்தில் ஒருவன்’ என்று எழுதுவோம். எவன் வேண்டுமானாலும் அந்த வேடத்தைப் போடலாம். பெயர் தேவையில்லை, முகம் தேவையில்லை, கத்தினால் போதும். பாரிஸ் முற்றத்துக்கு வெளியே அன்று கத்தியவர்களின் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. பிக்காரின் பெயர் தெரிகிறது. கூட்டத்திலிருந்து ஓர் அடி விலகி நின்று, ‘இல்லை’ என்று கூறிய அந்தக் கணத்திலேதான் அவருக்குப் பெயர் வந்தது.

இறுதியாக ஒரு செய்தி. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, பிரெஞ்சு மக்கள் மன்றம், என்றோ மறைந்துவிட்ட டிரைபஸுக்கு, அன்று மறுக்கப்பட்ட ஜெனரல் பதவியை வழங்கிட ஒருமனதாக வாக்களித்தது. எந்த மன்றம் தெரியுமா? 1898ஆம் ஆண்டிலே எதிர்வாக்கு ஒன்றுமின்றிப் பொய்யைச் சுவரிலே ஒட்டச் சொன்னதே, அதே மன்றம்! 127 ஆண்டுகள் ஆயின, அந்த ஒருமனது இந்த ஒருமனதாக மாறிட. இடையிலே நின்றவர்கள் ஒரு சிலர். அவர்கள் ஒவ்வொருவரிடமும் உலகம் கேட்டது ஒரே கேள்வி: உனக்கென்ன?

நாளையோ மறுநாளோ, உங்களிடமும் அது கேட்கப்படும். பகைவன் கேட்கமாட்டான், அன்புள்ள நண்பன்தான் கேட்பான். அப்போது, துணி மூட்டையுடன் இரவிலே நடந்து சென்ற ஒரு முதியவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்காக அன்று நான் சொல்லத் தவறிய விடையை நீங்கள் சொல்லுங்கள்.